தலைவலிக்கு மசாஜ்: சலூனா, ஸ்பாவா, பிசியோவா, ரெண்டு டென்னிஸ் பாலா?

ஈரோட்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல பதினோரு வருஷமா குப்பை கொட்டிட்டு இருக்கேன். 2017-ல ஜிஎஸ்டி வந்ததுல இருந்து என் தலைவலிக்கும் ஒரு காலண்டர் வந்துருச்சு. 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி 3பி (ரெண்டும் மாசா மாசம் போட வேண்டிய ஜிஎஸ்டி ரிட்டர்ன்), இந்த ரெண்டுக்கும் முந்தின நாள் சாயங்காலம் நாலு மணி ஆச்சுன்னா நெத்தியச் சுத்தி ஈரத்துண்ட முறுக்கிக் கட்டுன மாதிரி ஒரு இறுக்கம், ரெண்டு பக்கமும், நெத்திப்பொட்டுல ஆரம்பிச்சு பிடரி வரைக்கும். விண்ணு விண்ணுன்னு தெறிக்காது, வாந்தி வராது, மாடிப்படி ஏறுனா ஜாஸ்தி ஆகாது, ஆனா விடவும் விடாது. டாக்டர்கிட்ட போனா டென்ஷன் தலைவலின்னாரு, அரை மணி நேரத்துலயும் போகலாம், ஏழு நாள் இழுத்தாலும் இழுக்கும்னாரு. (மைக்ரேன் இருக்கறவங்களுக்கு நான் கீழ சொல்றது பொருந்தாதுங்க, அது வேற ஜாதி.)

போகும்போது இன்னொண்ணும் சொன்னாரு. பாராசிட்டமால் மாதிரி சாதா மாத்திரையக் கூட மாசத்துல 15 நாளோ அதுக்கு மேலயோ, மூணு மாசத்துக்கு மேல போட்டுட்டே இருந்தா, அந்த மாத்திரையே தலைவலிய உண்டு பண்ணும்னு. வீட்டுக்கு வந்து பழைய அட்டைய எல்லாம் எண்ணிப் பாத்தேன், அந்த மாசம் பன்னண்டு நாள் போட்டிருக்கேன். பயம் வந்துருச்சு, அப்படித்தான் மசாஜ் பக்கம் போனது. ரெண்டு வருஷத்துல எல்லாக் கதவையும் தட்டியாச்சு.

முதல்ல சலூன். முடி வெட்டி முடிச்சதும் "அண்ணா, ஹெட் மசாஜ் போட்ரலாமா"ன்னு கேப்பாங்கல்ல, அதேதான். 150 ரூபா, பதினஞ்சு நிமிஷம், தலையில தட்டுற தட்டுல காதுக்குள்ள தவில் கேக்கும். அந்த நேரத்துக்கு சொர்க்கம், பொய் சொல்லக் கூடாது. ஆனா பைக்க எடுத்து பன்னீர்செல்வம் பார்க் தாண்டுறதுக்குள்ள பழைய இறுக்கம் வந்து உக்காந்துக்கும். காரணம் பின்னாடிதான் புரிஞ்சுது, உச்சந்தலைய எவ்வளவு தேய்ச்சாலும் அங்க இழுத்துப் பிடிக்கற பெரிய சதையே கிடையாதுங்க, பிடிச்சிருக்கறது எல்லாம் கழுத்துலயும் தோள்லயும் பொட்டுலயும். கடைசியா ஒரு நெட்டி முறிப்பாங்க பாருங்க, தாடையப் பிடிச்சு சடக்குன்னு ஒரு திருப்பு, அதுக்கு மட்டும் வேணாம்னு சொல்லிருங்க. கழுத்து எலும்புக்குள்ள புகுந்து மூளைக்கு ரத்தம் கொண்டு போற குழாய் அந்தத் திருப்புல கிழிஞ்சு பக்கவாதம் வந்தவங்க இருக்காங்க. அபூர்வம்தான், ஆனா 150 ரூபாய்க்கு அந்த ரிஸ்க் எதுக்கு.

ஸ்பா பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. கோயம்புத்தூர்ல ஒரு மால்ல, ஒரு மணி நேரம் 1800 ரூபா, மெழுகுவத்தி, புல்லாங்குழல், இஞ்சி டீ. முதுகுக்கு நாப்பது நிமிஷம், காலுக்குப் பத்து, கழுத்துக்கு மிச்சம் மீதி. தலைவலின்னு முன்னாடியே சொல்லியும் அவங்க வரிசை மாறல. தூக்கம் நல்லா வந்துச்சு.

ஆயுர்வேதத்துல எனக்கு ரெண்டு மனசு. பாலக்காட்டுப் பக்கம் மச்சான் கூட்டிட்டுப் போனாரு, சிரோதாரா. இளஞ்சூடா எண்ணெய நெத்தியில நூல் மாதிரி விட்டுட்டே இருப்பாங்க, முக்கா மணி நேரம் ஆடாம அசையாமப் படுத்திருக்கணும். ஏழு நாள் பேக்கேஜ், ஆபீஸ்ல லீவு போட்டுப் போனது, வலி அந்த ஒரு வாரமும் எட்டிப் பாக்கல. எண்ணெயா, ஏழு நாள் கம்ப்யூட்டர் தொடாததான்னு கேட்டா எனக்கு ரெண்டாவது மேலதான் சந்தேகம். திரும்பி வந்த மாசம் 19-ம் தேதி அதே நாலு மணிக்கு ஆஜர்.

அப்புறம்தான் பிசியோ, அதாவது பிசியோதெரபி. உண்மையா இங்கதான் விஷயம் இருக்கு. ஒரு சிட்டிங் 500 ரூபா, மெழுகுவத்தி எல்லாம் கிடையாது, ரெக்சின் பெட்டும் ஒரு டேபிள் ஃபேனும்தான். அந்தம்மா தலையத் தொடவே இல்ல முதல்ல. தோள்பட்டை மேல் சதையில ஒரு இடத்தக் கட்டைவிரலால அழுத்துனாங்க, அழுத்துனது தோள்ல, வலி சுருக்குன்னு நெத்திப்பொட்டுல! "இதுதானே உங்க தலைவலி?"ன்னாங்க. அதேதான். ட்ரிகர் பாயிண்ட்னு பேராம், சதைக்குள்ள முடிச்சு மாதிரி இறுகிக் கிடக்கற இடம், அழுத்துனா வலி வேற எங்கயோ காட்டும். கழுத்தோட மேல் மூணு நரம்பும் முகத்து நரம்பும் மூளைத்தண்டுல ஒரே இடத்துல போய்ச் சேருது, அதனால கழுத்துல கிளம்புன வலிய மூளை நெத்தியில வலிக்குதுன்னு தப்பா வரவு வைக்குதுன்னு (வரவு வைக்குதுங்கறது என் பாஷை) வெளக்கினாங்க.

அடுத்து மல்லாக்கப் படுக்க வச்சு மண்டையோட்டு அடி விளிம்புக்குக் கீழ விரல் நுனிய வளைச்சு வச்சு, தலையோட கனத்த அப்படியே அந்த விரல் மேல விட்டுட்டாங்க. அங்க நாலு ஜோடி குட்டிச் சதை இருக்காம், பூராப் பகலும் தலைய நிமித்திப் பிடிக்கறது அதுங்களும் சேர்ந்துதான். தலை கிட்டத்தட்ட 5 கிலோ, அதையே 60 டிகிரி குனிஞ்சு செல்போன் பாத்தா கழுத்துக்கு 27 கிலோ பாரம்னு ஒரு கணக்கு இருக்கு. நான் லெட்ஜர் பாக்கற கோணத்த நினைச்சுப் பாத்தேன். மூணு நாலு நிமிஷத்துல உள்ள ஏதோ இளகுன மாதிரி இருந்துச்சு, தேய்க்கவே இல்ல, சும்மா பிடிச்சுட்டு இருந்ததுதான்.

ஆறு சிட்டிங் போனேன். வலி வர்ற நாள் மாசத்துக்கு பன்னண்டுல இருந்து அஞ்சாச்சு. டைரியில எழுதி வச்சிருக்கேன், ஆடிட் ஆபீஸ் புத்தி. ஆனா இதையும் சொல்லணும், 2015-ல அமெரிக்காவுல 56 பேர வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. ஒரு குரூப்புக்கு ஆறு வாரத்துல 12 தடவை, தடவைக்கு 45 நிமிஷம் இந்த ட்ரிகர் பாயிண்ட் மசாஜ். இன்னொண்ணுக்கு வேலையே செய்யாத அல்ட்ராசவுண்ட் மெஷின சும்மா ஓட்டினாங்க. மூணாவது குரூப்புக்கு ஒண்ணுமில்ல. முதல் ரெண்டுக்கும் தலைவலி வர்றது குறைஞ்சுது, ரெண்டுக்கும் நடுவுல பெரிய வித்தியாசம் வரல! வலி எவ்வளவு தேறுச்சுன்னு அவங்கவங்களயே கேட்டப்பதான் மசாஜ் முந்துச்சு. இதப் படிச்சதும் எனக்கு 500 ரூபா வலிச்சுது. அப்புறம் யோசிச்சா, ரெண்டு குரூப்புக்கும் பொதுவா இருந்தது என்ன, வாரத்துக்கு ரெண்டு தடவை செல்போன எடுக்காமப் படுத்து, இன்னொருத்தர் பாத்துக்கிட்டதுதானே. பாலக்காட்டு எண்ணெய்க்கும் பாதி விடை அங்கயே இருக்கு.

அதனால இப்ப நான் எதையும் ரெண்டு கேள்விதான் கேக்கறது, கழுத்துல கை வைப்பாங்களா, 19-ம் தேதி ராத்திரி பத்து மணிக்குக் கெடைக்குமா. ரெண்டாவது கேள்வியில பிசியோவும் அவுட். மிஞ்சுனது வீடு. ரெண்டு டென்னிஸ் பால ஒரு சாக்ஸுக்குள்ள போட்டு முடிச்சுப் போட்டு, தரையில படுத்து பிடரிக் குழிக்கு ரெண்டு பக்கமும் வர்ற மாதிரி வச்சுட்டு அஞ்சு நிமிஷம், உருட்டாம. இது பிசியோ அம்மாவே சொல்லிக் குடுத்தது, "இனி வராதீங்க"ன்னு சொல்லித்தான் அனுப்புனாங்க, நல்ல மனுஷி. தோள்பட்டைக்கு வீட்டம்மா கட்டைவிரல், பதிலுக்கு அவளுக்கு நான். கூட நெத்தியில தைலம், இதப் பாட்டி வைத்தியம்னு சிரிச்சவன்தான் நான், ஆனா 1996-ல ஜெர்மனியில 10 சதவீதப் புதினா எண்ணெய நெத்தியில தடவுனதையும் 1000 மில்லிகிராம் பாராசிட்டமாலையும் ஒப்பிட்டப்ப பெரிய வித்தியாசம் தெரியல. நம்ம தைலத்துல இருக்கற மெந்தாலும் அந்தப் புதினாச் சமாச்சாரம்தான்.

முதல் தடவை யாருக்கா இருந்தாலும் நாலஞ்சு சிட்டிங் பிசியோகிட்ட போங்கன்னுதான் சொல்லுவேன், எந்த இடம்னு காட்டிக் குடுக்க ஆள் வேணும், அப்புறம் பால். சலூனுக்கு ஆசைக்குப் போங்க. திடீர்னு இடி விழுந்த மாதிரி வர்ற வலி, காய்ச்சலோட கழுத்து விறைப்பு, கை கால் மரத்துப் போறது, அம்பது வயசுக்கு மேல புதுசா ஆரம்பிக்கறது, இதுக்கெல்லாம் மசாஜ் பேச்சே எடுக்காம நேரா ஆஸ்பத்திரி.

போன மாசம் 19-ம் தேதி ஆறு கம்பெனி ரிட்டர்ன் பாக்கி, ஜிஎஸ்டி போர்ட்டல் வேற தெறக்காம சுத்திட்டே இருந்துச்சு. ஆபீஸ் ரெக்கார்ட் ரூம்ல பாய விரிச்சுப் படுத்துட்டு இருந்தப்ப சார் கதவத் தெறந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம மூடிட்டாரு. மறுநாள் அந்த சாக்ஸ் எங்க வாங்குனதுன்னு கேட்டாரு.