யெஸ்டிக்கு புது சைலன்சர் செட்டு: குரோம் இருக்கட்டும், மொதல்ல உள்ள பாருங்க

யெஸ்டி ரோட்கிங் (மைசூர்ல செஞ்ச பழைய பைக்கு) வச்சிருக்க எல்லாருக்கும் ஒரு நாள் இந்த செலவு வந்தே தீரும். மைசூர் ஃபேக்டரி 1996லயே மூடிட்டாங்க, அதனால இப்ப கடைல புதுசா கிடைக்கிறது கிட்டத்தட்ட எல்லாமே ரெப்ளிக்கா (பழச பாத்து செஞ்ச நகல்) தான், யாராச்சும் "பழைய கம்பெனி ஸ்டாக்கு சார்"னு சொல்லி ரேட்டு ஏத்துனா கொஞ்சம் நிதானமா பாருங்க. நான் வாங்குனது சென்னை புதுப்பேட்டைல ஒரு சின்ன கடைல. எஞ்சின்லேந்து சைலன்சருக்கு போற வளைஞ்ச குழாய், அதாவது பெண்டு பைப்பு ரெண்டு, சைலன்சர் ரெண்டு, பைப்ப எஞ்சின்ல புடிக்கிற ரிங் நட்டு, புகை லீக்க தடுக்குற கேஸ்கெட்டு எல்லாம் சேந்த செட்டு, மேல பிராண்டு பேரு எதுவும் கிடையாது, பேப்பர்ல சுத்தி குடுத்தாங்க. விலை கடைக்கு கடை, மாசத்துக்கு மாசம் மாறுது, அதனால நம்பர் போடல.

கடைல ரெண்டு ரகம் வச்சிருந்தாங்க. ஒண்ணு கண்ணாடி மாதிரி மின்னுது, இன்னொண்ணு கொஞ்சம் மங்கல். நான் மின்றத கைல எடுத்ததும் கடைக்கார அண்ணன் "தம்பி, பளபளப்ப பாத்து ஏமாறாத, ரெண்டையும் தூக்கி பாரு"ன்னாரு. தூக்கி பாத்தா வித்தியாசம் நல்லாவே தெரியுது, மின்றது தகடு மெலிசு, விரலால தட்டுனா டின்னு டின்னுனு டப்பா சத்தம், மங்கலா இருந்தது கனமா இருக்கு, சத்தமும் அமுங்கி வருது. அதையும் விட முக்கியம் பின்பக்கம் இருக்க பேஃபிள், அதாவது சத்தத்த அடக்குற உள் குழாய். போல்ட்ட கழட்டி வெளிய இழுத்து பாக்கணும், கழட்ட விடாத கடைல வாங்கவே வாங்காதீங்க. மின்ற பீஸுல பேஃபிள்ங்கற பேருல நாலு ஓட்டை போட்ட ஒரு குட்டி குழாய் மட்டும் இருந்துச்சு. கனமான பீஸுல நம்ம பழைய பேஃபிள் மாதிரியே நீளம், தட்டுகளும் ஒழுங்கா வெல்டு பண்ணிருந்தாங்க, அதையே வாங்கிட்டேன். அந்த அண்ணனுக்கு எதை வித்தாலும் காசு தான், ஆனாலும் நல்லத எடுத்து காட்டுனாரு பாருங்க, அதுக்காகவே மறுபடியும் அந்த கடைக்கு போவேன்.

பேஃபிளுக்கு ஏன் இவ்ளோ அழுத்தம் குடுக்குறேன்னா இது டூ ஸ்ட்ரோக்கு வண்டி. சிலிண்டர விட்டு வெளிய போற புகையோட சேந்து ஒரு அழுத்த அலையும் பைப்புல ஓடுது, சைலன்சர் உள்ள இருக்க வடிவத்துல மோதி அதுல ஒரு பங்கு திரும்பி வருது, அது சரியான நேரத்துல வந்தா வெளிய நழுவ பாக்குற புது பெட்ரோல் கலவைய மறுபடி சிலிண்டருக்குள்ள தள்ளி விடும். பேஃபிள கழட்டிட்டு ஓட்டுனா சத்தம் காது கிழியும், ஆனா கீழ் ஸ்பீடுல இழுவை போயிடும், யெஸ்டியோட அழகே அந்த கீழ் இழுவை தானே. அதோட 2019ல திருத்துன மோட்டார் வாகன சட்டப்படி அளவுக்கு மீறி சத்தம் போட்டு மாட்டுனா 10,000 ரூபா வரைக்கும் அபராதம் இருக்கு, லைசன்ஸையும் 3 மாசம் நிறுத்தி வைப்பாங்க. தெருவுல குழந்தைங்க, வயசானவங்க எல்லாம் இருக்காங்க, நம்ம வண்டி சத்தம் நமக்கு இனிமையா இருந்தா மட்டும் போதாது.

வாங்குறதுக்கு முன்னாடி பெண்டு பைப்போட வாய கண்டிப்பா பாக்கணும். பேரல்ல (எஞ்சின் சிலிண்டர்) உக்கார்ற காலர், அதாவது வாய் விளிம்பு, தட்டையா இருக்கணும், ஒரு கண்ணாடி துண்டு மேல வச்சு லேசா ஆட்டுனா ஆடக்கூடாது. எனக்கு வந்த செட்டுல இடது பைப்பு கச்சிதம், வலது பக்க காலர் ஒரு ஓரம் மேடா இருந்துச்சு, லேத்து பட்டறைல குடுத்து சமமாக்கி தான் மாட்டுனோம். ரெப்ளிக்கா செட்டுல எனக்கு புடிக்காத ஒரே விஷயம் இது தான், இவ்ளோ நல்லா பேஃபிள் வெல்டு பண்ணத் தெரிஞ்சவங்க அந்த ஒரு இடத்துல கொஞ்சம் பொறுமை காட்டிருக்கலாம்.

இனி ஃபிட்டிங்கு. பழைய ரிங் நட்ட கழட்டுறது தான் இருக்கறதுலயே ஆபத்தான வேலை. நிறைய எடத்துல உளிய வச்சு சுத்தியால அடிச்சு திருப்புறாங்க, நட்டு பல்லு போறது கூட பரவால்ல, பேரல் த்ரெட்டு போச்சுன்னா செலவு எங்கயோ போயிடும். எங்க மெக்கானிக் அண்ணன் மொத நாளே துரு எளக்குற ஆயில் அடிச்சு ஊற விட்டுட்டு, மறுநாள் எஞ்சின சூடாக்கி கொக்கி ஸ்பேனர் போட்டு மெதுவா எளக்குனாரு, ஒரு கிரீச் சத்தத்தோட வந்துருச்சு. அப்புறம் டார்ச் அடிச்சு பேரல்ல புகை வெளிய வர்ற போர்ட்டுக்குள்ள பாத்தா பழைய கேஸ்கெட்டு கரியோட கரியா ஒட்டிகிட்டு அடையாளமே தெரியாம கிடக்கு. அத சுரண்டி எடுக்காம மேலயே புதுசு வச்சா நட்டுக்கு புடிக்க த்ரெட்டு பத்தாது, லீக்கும் நிக்காது.

மாட்டும் போது எல்லாத்தையும் லூசா மாட்டிட்டு மொதல்ல பேரல் பக்க நட்டு, அடுத்து பைப்பும் சைலன்சரும் சேர்ற கிளாம்பு, கடைசியா பின்னாடி பிராக்கெட்டுன்னு முன்னாடிலேந்து பின்னாடி இறுக்கிட்டு போகணும். பின்பக்கம் ஓட்டை நேரா வரலன்னு பைப்ப மல்லுகட்டி இழுத்து போல்ட்டு போட்டா கொஞ்ச நாள்ல வைப்ரேஷன்ல பிராக்கெட்டு கிராக் விடும், வாஷர் வச்சோ ஓட்டைய நீட்டியோ சரி பண்றது தான் முறை. த்ரெட்டுல காப்பர் கிரீஸ் தடவுனா அடுத்த தடவை கழட்ட சுலபம். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பைப்புல இருக்க கைரேகை, எண்ணெய் எல்லாத்தையும் தின்னர் தொட்ட துணியால தொடச்சு நல்லா காய விட்டுருங்க, இல்லன்னா சூட்டுல அந்த ரேகை குரோம்லயே பதிஞ்சுரும், அப்புறம் போகவே போகாது. ஒரு தடவ ஓட்டி சூடானதும் நட்ட மறுபடி இறுக்கணும்.

ஓட்டுனா வித்தியாசம் அப்படியே தெரியுது. பழைய சைலன்சர் ஆயில் கரில அடைச்சு போயிருந்ததால வண்டி மூச்சு முட்டி தான் ஓடிருக்கு. இப்ப காத்து ஃப்ரீயா போறதால பிளக்க கழட்டி பாத்துருங்க, காபி கலர் இருந்தா சரி, வெள்ளையா இருந்தா பெட்ரோல் பத்தல, கார்புரேட்டர்ல பெட்ரோல் அளவ முடிவு பண்ற மெயின் ஜெட்ட ஒரு சைஸ் ஏத்தணும், அப்படியே விட்டா பிஸ்டன் சூட்டுல இறுகி சீஸ் ஆகும். பேரல் பக்கத்துல பைப்பு மஞ்சளாகி அப்புறம் நீலமாகுறத பாத்து கடைக்காரர்கிட்ட சண்டைக்கு போகாதீங்க, சூட்டுக்கு குரோம் அப்படி தான் ஆகும், ஆனா ரொம்ப சீக்கிரமா ரொம்ப தூரத்துக்கு நீலம் ஏறுனா பிளக்கு பொறி விடற டைமிங்கும் பெட்ரோல் கலவையும் செக் பண்ணணும்.

ஒரு விஷயம், உங்க வண்டில மைசூர் காலத்து ஒரிஜினல் சைலன்சர் இருந்து தகடு இன்னும் கெட்டியா இருந்தா தயவு செஞ்சு எடைக்கு போட்றாதீங்க. உள்ள இருக்க கரிய காஸ்டிக் சோடா தண்ணில ஊற வச்சு எடுத்துட்டு (கை உறை கண்டிப்பா போடணும், அலுமினிய பார்ட்டு எதுவும் அதுல படக்கூடாது, அரிச்சுரும்) நல்ல பிளேட்டிங் கடைல குடுங்க. நிக்கல் கோட்டிங் ஒழுங்கா போட்டு அதுக்கு மேல குரோம் போடறாங்களான்னு கேளுங்க, துருவ தடுக்கறதே அந்த நிக்கல் தான். தகடு ஓட்டை விழுந்தவங்க மட்டும் இந்த கனமான ரெப்ளிக்கா செட்ட தாராளமா வாங்கலாம், பேஃபிளயும் காலரையும் அங்கயே நின்னு பாத்து வாங்குங்க.