டிரைவர் கையொப்பச் சோதனை: ஒரு தடவை நிறுத்துவதா, டெஸ்ட் மோடில் விட்டுவிடுவதா?

உறவினர் ஒருவரின் மளிகைக் கடையில், மின்னணுத் தராசைப் புதிய கணினியுடன் இணைக்கும் பழைய யூஎஸ்பி சீரியல் கேபிள் வேலை செய்யவில்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும், டிரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்ற 'கோட் 52' செய்தியும் நின்றன. இந்த நிலையில் கையொப்பச் சோதனையை நிறுத்திவிடுமாறு பலரும் சொல்வார்கள். ஆனால் நிறுத்தும் வழிகள் எல்லாம் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல.

டிரைவர் என்பது ஒரு கருவியைக் கணினியோடு பேசவைக்கும் நிரல்; அது விண்டோஸின் மையப்பகுதியான கர்னலுக்குள் ஓடுகிறது. அங்கே நுழைந்த நிரல், நினைவகம் முழுவதையும் படிக்கலாம். ஆன்டிவைரஸையே செயலிழக்கச் செய்யலாம். இதனால்தான் விண்டோஸின் 64-பிட் விஸ்டா பதிப்பு முதல் கர்னல் டிரைவர்களுக்கு, வெளியிட்டவர் யார் என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பம் கட்டாயமாயிற்று. 2016இல் வந்த விண்டோஸ் 10இன் 1607 பதிப்பிலிருந்து, கணினி தொடங்கும்போதே நம்பகமான நிரல்களை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயங்கும் புதிய நிறுவல்களில், புதிய டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்டின் கையொப்பமே தேவைப்படுகிறது.

முதல் வழி, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் திரையில் 7ஆம் எண்ணைத் தேர்வது. அடுத்த ரீஸ்டார்ட் வரை மட்டுமே சோதனை நின்றிருக்கும். இதன் நன்மையும் குறையும் இதுவே. கையொப்பமில்லாத டிரைவர் அன்று ஓடும், மறுநாள் காலையில் அதே மஞ்சள் முக்கோணம் திரும்ப வந்து நிற்கும். கருவியைச் சோதித்துப் பார்க்க இது போதும், தினமும் கடை நடத்தப் போதாது. ஒரு தடவைதானே என்று அலட்சியமாக இருக்கவும் கூடாது: உள்ளே விட்ட கோப்பு தீயதாக இருந்தால், அந்த ஒரு மணி நேரத்தில் அது செய்த மாற்றங்கள் ரீஸ்டார்ட்டில் அழிந்துவிடுவதில்லை.

இரண்டாவது வழி, டிரைவர்களைச் சோதித்துப் பார்ப்பதற்கென விண்டோஸில் உள்ள டெஸ்ட் மோட். அதை, நாமே போய் நிறுத்தும்வரை அது நீடிக்கும் என்பதால்தான் பலர் நாடுகிறார்கள். இதற்கு முதலில் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும். வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்கும் கணினியில் அப்படிச் செய்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கப்படலாம், கையில் அது இல்லையென்றால் கணக்குகள் எல்லாம் பூட்டிய வட்டுக்குள்ளேயே கிடக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. டெஸ்ட் மோடில் கையொப்பம் இருந்தால் போதும், அது யாருடையது என்று கர்னல் பார்ப்பதில்லை. தராசுக்காகத் திறந்த கதவு தராசுக்கு மட்டும் திறந்திருக்காது. என்றோ நிர்வாகி அனுமதி பெற்றுவிடும் ஒரு தீய நிரல், தானே தயாரித்த சான்றிதழால் கையொப்பமிட்ட டிரைவரையும் அதே வழியில் ஏற்றிவிடலாம்.

கையொப்பமுள்ள டிரைவரே ஆபத்தாகியிருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு, கேள்வி நியாயமானதுதான். 2010இல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், ரியல்டெக் நிறுவனத்திடமிருந்து களவுபோன சான்றிதழால் கையொப்பமிட்ட டிரைவரோடு வந்தது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ராபின்ஹுட் என்ற பணயத் தீநிரல், கிகாபைட் நிறுவனத்தின் கையொப்பமுள்ள, ஆனால் ஓட்டையுள்ள பழைய டிரைவரைப் பயன்படுத்திக் கர்னலுக்குள் நுழைந்தது. எனினும் சான்றிதழைத் திருடவும் ஓட்டையுள்ள டிரைவரைத் தேடிக்கொண்டுவரவும் தாக்குபவர்களுக்கு நேர்ந்தது, கையொப்பச் சோதனை வழியில் நின்றதால்தான். டெஸ்ட் மோடில் இருக்கும் கணினி அந்த உழைப்பையும் மிச்சப்படுத்திக் கொடுத்துவிடுகிறது.

ஆகவே இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தாக வேண்டும் என்றால், தயாரிப்பாளரிடமிருந்தே பெற்ற கோப்பைக் கொண்டு, முதல் வழியைத்தான் நான் பரிந்துரைப்பேன். நெடுநாள் தேவைக்கு டெஸ்ட் மோடை விடச் சிறந்த வழி ஒன்று உண்டு: கணினிக்குள்ளேயே தனிக் கணினி போல ஓடும், இணைய இணைப்பில்லாத மெய்நிகர் கணினி ஒன்றை அமைத்து, யூஎஸ்பி கருவியை அதற்குள் இணைத்து, அங்கே மட்டும் சோதனையை நிறுத்தலாம். பணப் பரிவர்த்தனையும் வங்கிக் கணக்கும் நடக்கும் வெளிக் கணினியின் கர்னலுக்குள் அந்த டிரைவர் வருவதே இல்லை.

கடையில் இது எதுவும் தேவைப்படவில்லை. விண்டோஸ் அப்டேட்டிலேயே கையொப்பமுள்ள டிரைவர் கிடைக்கும் சிப் கொண்ட வேறொரு கேபிளைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கி மாட்டினோம். தராசில் ஒரு கிலோ பருப்பை வைத்ததும் பில் திரையில் எடை வந்தது.