பழைய மசில்லோடர் வாங்கப் போகிறீர்களா? பிரீச் பிளக்கைக் கழற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

அமெரிக்காவின் ஒஹையோவில் ஜனவரி மாதம் மசில்லோடர், அதாவது குழல்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி, கொண்டு வேட்டையாடும் பருவம் நான்கே நாள்தான். வெள்ளைவால் மான் வேட்டைக்கு முதல்முறையாகக் கிளம்பிய எனக்கு அந்த நான்கு நாளும் வீணாய்ப் போயின. பழைய துப்பாக்கி விற்கும் ஒரு கடைக்காரர் என் தலையில் கட்டியதுதான் காரணம். இங்கே நம்மவர்கள் சிலர் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்துவிட்டு முதல் துப்பாக்கி தேடிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நம் ஊர் நாட்டுத் துப்பாக்கியின் வழிதான் இதுவும். குழல்வாய் வழியாக முதலில் வெடிமருந்து, அப்புறம் குண்டு, இரண்டையும் கோலால் கெட்டிக்க வேண்டும். இப்போது பலரும் வாங்குவது .50 காலிபர் (குழல் விட்டம் அரை அங்குலம்) இன்லைன் வகை; பற்றவைக்கும் பகுதி குழலுக்கு நேர் பின்னால் இருக்கும். குழலின் பின்புறம் பிரீச் பிளக் என்கிற திருகடைப்பு இருக்கும். அதில் வைக்கும் 209 பிரைமர் என்கிற சின்ன பற்றவைப்பு மூடியின் நெருப்பு ஒரு மெல்லிய துளை வழியே போய் மருந்தைப் பற்ற வைக்கும்.

"ஒரு சீசன்தான் சுட்டிருக்கிறார்கள், புதுசு மாதிரி" என்றார் கடைக்காரர். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. விலை 180 டாலர். புதிதாக வருபவர்களுக்கான செட் என்று இன்னொரு 60 டாலருக்கு ஒரு பை கொடுத்தார்: குண்டுகள், பிரைமர், துடைக்கும் துணி, லேபிள் இல்லாத பிளாஸ்டிக் டப்பாவில் பாதி மருந்து. பிரீச் பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். "அதற்கான சாவி இப்போது கையில் இல்லை. வீட்டில் எண்ணெய் விட்டால் கழன்றுவிடும்" என்றார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அந்த டப்பாவைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுப் பெரியவர் முகம் மாறிவிட்டது. முப்பது வருடமாக வேட்டைக்குப் போகிறவர் அவர். இதுபோன்ற மசில்லோடரில் கருமருந்தோ, அதற்கு மாற்றாக வரும் பைரோடெக்ஸ் போன்றவையோதான் போட வேண்டும். இன்றைய ரைபிள் தோட்டாவில் இருக்கும் புகையில்லா மருந்தைப் போட்டால் அழுத்தம் தாங்காமல் குழலே வெடிக்கும். கையோ கண்ணோ போகும். டப்பாவில் இருப்பது எது என்று பார்வையால் சொல்ல முடியாது. தீயணைப்பு நிலையத்தில் விசாரித்து அதை ஒப்படைத்துவிட்டு, சீல் வைத்த 50 கிரெயின் (மருந்தை அளக்கும் அலகு) மருந்து வில்லைகளை வாங்கினேன். இதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. பணம் போனால் போகட்டும், அந்த டப்பாவை எப்படி ஒரு புது ஆளிடம் கொடுக்க மனம் வந்தது?

சுடுதளத்தில் ஐந்து முறை சுட்டேன். 50 கஜத்திலேயே குண்டுகள் சிதறின. ஒன்று விசையை இழுத்து ஒரு நொடி கழித்துத்தான் வெடித்தது. கடைக்காரருக்குப் போன் செய்தால், "பிரைமர் ஈரமாகியிருக்கும்" என்றார். நம்பினேன். எண்ணெய் விட்டும் பிளக் அசையாததால் பின்புறத்தைச் சுத்தம் செய்யவும் முடியவில்லை.

முதல் நாள் காலை, 60 கஜத்தில் ஒரு பெண் மான். விசையை இழுத்தேன். டப் என்று பிரைமர் மட்டும் வெடித்தது. தாமதமாக வெடிக்கலாம் என்பதால் குழலை அப்படியே பத்திரமான திசையில் பிடித்து ஒரு நிமிடம் காத்திருந்தேன். மான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாக நடந்து போய்விட்டது. புது பிரைமர் போட்டும் அதே கதைதான்.

துப்பாக்கி பழுதுபார்ப்பவர் மருந்தை நனைத்துச் செயலிழக்க வைத்து, குண்டைத் திருகி இழுத்து வெளியே எடுத்தார். அப்புறம் பிளக்கைக் கழற்றிக் குழலுக்குள் விளக்குப் போட்டுக் காட்டினார். பின்முனையில் சொறி பிடித்த தோல்போல் துருக்குழிகள். நெருப்புத் துளையில் கரியும் துருவும் அடைத்துக் கிடந்தன. சுட்ட பிறகு மிஞ்சும் கரி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அன்றன்றே சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவாமலும் எண்ணெய் பூசாமலும் விட்டால் இந்தக் கதிதான். இது ஒரு சீசன் சுட்ட துப்பாக்கி இல்லை, பல வருடம் கழுவாமல் கிடந்தது என்றார்.

கடைக்காரர் ரசீதை நீட்டினார். 'உள்ளது உள்ளபடி' என்று பொடி எழுத்தில் இருந்தது. செட்டுக்குக் கொடுத்த பணமும் திரும்பவில்லை.

பழையது வாங்கினால் முதலில் கோலைக் குழலுக்குள் விட்டு, அது எவ்வளவு ஆழம் போகிறது என்று வெளியே வைத்து ஒப்பிடுங்கள். உள்ளே யாரோ கெட்டித்த மருந்து அப்படியே இருக்கலாம். பிறகு உங்கள் கண்முன் பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். காலிக் குழல் என்று உறுதியானால், கோல் நுனியில் துணி சுற்றி அடிவரை இறக்கி, சுடுதளத்தில் வெறும் பிரைமரை மட்டும் வெடித்துப் பாருங்கள். துணியில் கருகல் விழுந்தால் துளை திறந்திருக்கிறது. மருந்தும் குண்டும் சீல் உடைக்காததாக, தனியாக வாங்குங்கள்.

நான் இப்போது புதிது வாங்கிவிட்டேன். அதன் பிளக் கையாலேயே கழல்கிறது. பழைய குழல் கராஜில்தான் இருக்கிறது. கொலம்பஸ் பக்கம் இருப்பவர்கள் கடைக்குப் போகுமுன் வந்து, விளக்குப் போட்டு அந்தத் துருக்குழிகளைப் பார்த்துவிட்டுப் போங்கள்.