சொல்லிச் செய்த கத்தி: காசு எதற்குப் போகிறது?

கையால் செய்து வாங்கிய இந்தச் சமையல் கத்தி கொடுத்த காசுக்குத் தகும், தயங்காமல் சொல்வேன். கைப்பிடி மரத்தின் அழகைப் பார்த்து மயங்காதீர்கள், விஷயமே இரும்பைப் பதப்படுத்துவதில்தான் இருக்கிறது. இது 1095 என்ற வகை கார்பன் ஸ்டீல், கார்பன் சுமார் 0.95 சதவீதம். ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி எண்ணெயில் முக்கினால் நன்றாக இறுகும், ஆனால் கண்ணாடி மாதிரி உடையவும் செய்யும், அதனால் அப்புறம் 200 டிகிரி வாக்கில் மறுபடி சூடேற்றுகிறார்கள், அந்தச் சூடு குறைந்தால் கூர் பொரிந்து உதிரும், கூடினால் சீக்கிரம் மழுங்கும்.

நான் இடது கைக்காரன், கத்தி செய்தவர் என் கை அளவுக்கே கைப்பிடி செய்து கொடுத்தார். ஆள்காட்டி விரல் படும் இடத்தில் பிளேடின் முதுகு விளிம்பைக்கூட உருட்டித் தேய்த்திருக்கிறார், எவ்வளவு நேரம் நறுக்கினாலும் விரல் காய்ப்பதில்லை! முதுகின் கனம் கைப்பிடியிலிருந்து முனை வரை சீராகக் குறைகிறது, அதனால் முனை கனக்கவில்லை.

துரு பிடிக்கும், உண்மைதான். உடனே கழுவித் துடைத்து வைக்கச் சோம்பல்படுபவர்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்யச் சொல்லுங்கள். ஆர்டர் கொடுக்கும்முன் என்ன ஸ்டீல், எப்படிப் பதப்படுத்துகிறீர்கள் என்று கேளுங்கள், மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.