42,000 ரூபா வாங்கி வெளிப்பக்கத்தை மட்டும் மினுக்கிக் கொடுத்தார்கள்: ரெகுலேட்டர் சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் கவனம்

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் டைவிங் செய்கிறவர்கள், சங்கு குளிக்கப் போகிறவர்கள், சொந்தமாக ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவருகிற கருவி) வைத்திருக்கிற யாராக இருந்தாலும் இதை வாசியுங்கள். எனக்கு 42,000 ரூபா போய்விட்டது. காசு ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தச் சாமானை நம்பி வாயில் வைத்துக்கொண்டு கடலுக்குள் இறங்கினேன் என்பதுதான் கொதிக்கிறது. நடந்ததைச் சொல்லிவிட்டு, ரெகுலேட்டர் சத்தம் போட்டால் எதை எதைப் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. கடல் சாமான் விற்று, பழுதும் பார்க்கிற ஒரு கடை. அவ்வளவுதான்.

வாடைக்காற்று ஓய்ந்து கடல் அடங்கி, சீசன் தொடங்குகிற நேரம். பையில் கிடந்த ரெகுலேட்டரை எடுத்துச் சிலிண்டரில் பூட்டினால் இரண்டு விதமான சத்தம். வேகமாக மூச்சை இழுத்தால் பழைய லொறி ஹோர்ன் மாதிரி ஒரு முழக்கம். சும்மா வைத்திருந்தாலும் கொஞ்ச நேரத்தில் 'ஸ்ஸ்' என்று காற்றுக் கசிவு.

அவசரத்துக்கென்று கூடவே தொங்குகிற இரண்டாவது வாய்ப்பகுதியை, அதாவது ஒக்டோபஸை, வாயில் வைத்து இழுத்துப் பார்த்தேன். அதிலும் அதே முழக்கம். ஹோஸைப் பிடித்தால் கைக்குள் அதிர்கிறது. ஒன்றில் மட்டும் சத்தம் வந்தால் வாயில் வைக்கிற அந்த செகண்ட் ஸ்டேஜில் கோளாறு, இரண்டிலும் வந்தால் சிலிண்டரில் பூட்டுகிற ஃபர்ஸ்ட் ஸ்டேஜைத்தான் சந்தேகப்பட வேண்டும். காற்றுப் பாயும்போது உள்ளே பிஸ்டனோ ஸ்பிரிங்கோ துடித்தால் இப்படி முழங்கும். கசிவும் அங்கிருந்துதான். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருக்கிற காற்றை 9, 10 பாருக்கு இறக்கி ஹோஸுக்குள் விடுவது ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் வேலை. அங்கே வழியை அடைக்கிற சீட் தேய்ந்துவிட்டால் சரியாக அடைக்காது. ஹோஸுக்குள் அழுத்தம் மெல்ல மெல்ல ஏறும், ஓர் அளவுக்கு மேல் செகண்ட் ஸ்டேஜ் தாங்காமல் திறந்துகொள்ளும். பூட்டிய உடனே சீறாமல் கொஞ்சம் பொறுத்துச் சீறுவது இதனால்தான்.

காரணம் தெரிந்தாலும் அதைத் திறக்க அதற்கென்று சாவி வேண்டும், அந்த மொடலுக்குரிய சர்வீஸ் கிட் வேண்டும். கடைக்குப் போனேன்.

"உள்ள வாங்க தம்பி" என்று கூப்பிட்டு இருத்தி, பிளேன்டீ வரவழைத்தார் கடைக்காரர். ரெகுலேட்டரைச் சிலிண்டரில் பூட்டி, ஃபர்ஸ்ட் ஸ்டேஜைக் காதோடு வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார். பிறகு பிசிடிக்கு (காற்று நிரப்புகிற மிதப்புச் சட்டை) போகிற ஹோஸின் நுனியில் ஓர் அழுத்தக் கேஜைச் சொருகி என் பக்கம் திருப்பினார். ஒன்பதரையில் அசையாமல் நிற்க வேண்டிய முள் பத்தைத் தாண்டி, பதினொன்றைத் தொட்டு, இன்னும் ஊர்ந்தது. "பாத்தீங்களா, சீட் போயிட்டுது. என்ர சொந்தப் பிள்ளையெண்டாலும் இதோட இறங்க விடமாட்டன்" என்றார். லாச்சியைத் திறந்து, சீல் உடைக்காத ஒரு பாக்கெட்டை எடுத்து என் கையிலேயே தந்தார். என் ரெகுலேட்டரின் மொடல் பெயர் அதில் இருந்தது. உள்ளே புது ஓ-ரிங் ரப்பர் வளையங்கள், வெள்ளை சீட், சின்னஞ்சிறு ஃபில்டர், எல்லாம் பிளாஸ்டிக்குக்கு மேலாகவே தெரிந்தன. "ஒரிஜினல் கிட். இதைத்தான் போடப்போறன்."

கிட், கூலி, செகண்ட் ஸ்டேஜ் இரண்டையும் சரிபார்க்க என்று எல்லாம் சேர்த்து 42,000 ரூபா. கோளாறை இவ்வளவு சரியாகக் கண்டுபிடித்த மனிதனிடம் யார் பேரம் பேசுவார்கள்? அந்த இடத்திலேயே போனில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு, புத்தகம் முடிந்துவிட்டதாம், சாமான் எடுக்க வரும்போது தருவாராம்.

எடுக்கப் போனபோது ரெகுலேட்டர் பளபளத்தது. ஒரு பொட்டு உப்புக்கறை இல்லை. பில்லும் இல்லை. கடைக்குள் இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன், சத்தம் இல்லை. மெதுவாக இழுத்தால் முன்னரும் முழங்காதுதான்.

புறாமலைத் தீவுக்கு வெளிப்பக்கம், 12 மீட்டர் ஆழம். முதலில் முழக்கம் வந்தது. பிறகு, வாயிலிருந்து எடுக்காமலே காற்று தானாகக் கொட்டத் தொடங்கியது. கன்னம் உப்புகிறது, முகமூடிக்கு முன்னால் குமிழியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, சிலிண்டர் கேஜ் முள் கண்ணுக்கு முன்னாலேயே இறங்குகிறது. இப்போதைய ரெகுலேட்டர்கள் பெரும்பாலும் பழுதானால் அடைத்துக்கொள்ளாமல் திறந்துகொள்கிற மாதிரித்தான் செய்யப்பட்டிருக்கின்றன, அதனால் மூச்சு நிற்கவில்லை. ஆனால் அந்த வேகத்தில் கொட்டினால் சிலிண்டர் எத்தனை நிமிடம் தாங்கும்? கூட இறங்கியவன் தன் ஒக்டோபஸைத் தந்தான். மெதுவாக ஏறி வந்தோம். படகில் ஏறி வால்வை மூடும்வரை அது சீறிக்கொண்டே இருந்தது.

அன்று பின்னேரமே போன் எடுத்தேன். "புது சீட் தம்பி, செட் ஆக வேணும். ரெண்டு மூண்டு டைவ் போங்க." புது சீட் படிந்து வரக் கொஞ்சம் பாவிக்க வேண்டும் என்பது உண்மைதான். அதுதான் இந்த ஆளின் கெட்டித்தனம், பாதி உண்மையை எடுத்து வாயை அடைப்பது. படிய வைத்து, முள் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் தருவதற்குத்தானே 42,000 ரூபா வாங்கினார்? அடுத்த தரம் கேட்டபோது என் சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கலாம் என்றார். நேரே போனேன். கடையில் இருந்த பொடியன், "முதலாளி கொழும்புக்குப் போயிட்டார்" என்றான். முதலாளியின் மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது. அப்புறம் வாட்ஸ்அப்பில் நீலக்குறி விழும், பதில் வராது.

கடற்படையில் மூழ்காளராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணனிடம் கொண்டுபோனேன். ஒரு வெள்ளைத் துவாயை விரித்து, அதன் மேல் ஃபர்ஸ்ட் ஸ்டேஜைக் கழற்றி வைத்தார். போன் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது ஃபில்டர். ஒரு சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை, முழுக்கப் பச்சை. உப்புத்தண்ணீர் எப்போதோ உள்ளே போயிருக்கிறது. புது ஃபில்டர் ஒரே மாதத்தில் இப்படிப் பச்சை பிடிக்காது. அடுத்தது சீட். நகத்தை வைத்தால் இறங்குகிற அளவுக்கு வட்டமாக ஒரு பள்ளம். பிஸ்டன் ஓ-ரிங் காய்ந்து தட்டையாகி இருந்தது, கிரீஸ் வாசமே இல்லை. "இதைத் திறந்தே இருக்க மாட்டாங்கள். வினிகர்ல ஊறப்போட்டு வெளிய துடைச்சிருக்கிறாங்கள்" என்றார். என் கையில் தந்து காட்டிய அந்த பாக்கெட் இன்னும் லாச்சிக்குள் சீல் உடையாமல் கிடக்கும். அடுத்த ஆளுக்கும் அதையே காட்டுவார்.

பழைய சீட்டையும் ஃபில்டரையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்தேன். ஆள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வெளியாளிட்டத் திறந்தா வாரண்டி இல்லை தம்பி. இது நான் போட்ட சீட் எண்டதுக்கு என்ன ஆதாரம்?" பில் தராத மனிதன் என்னிடம் ஆதாரம் கேட்கிறார்! அன்றைக்குத் தம்பி, பிள்ளை, பிளேன்டீ. இன்றைக்கு ஆதாரம். 42,000 ரூபாவில் ஒரு சதம் திரும்பி வரவில்லை.

சரி, விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, அவசரமானதை மட்டும் சொல்கிறேன். பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள், தராவிட்டால் மிச்சக் காசைக் கொடுக்காதீர்கள். மாற்றிய பாகங்களின் பெயர் எழுதிய பில் இல்லாமல் சாமானைக் கையில் எடுக்காதீர்கள். எடுக்கும்போது அந்தக் கேஜைத் திரும்பச் சொருகச் சொல்லி, பத்து நிமிடமாவது முள்ளைப் பாருங்கள், ஊர்ந்தால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். கடைக்குள் மெதுவாக இழுத்துப் பார்த்தால் போதாது, பலமாக இழுங்கள். தண்ணீருக்குள் கொள கொள என்று சத்தம் வந்து வாய் ஈரமானால் அது பெரும்பாலும் மூச்சு வெளியேறுகிற ரப்பர் வால்வு அல்லது கிழிந்த மவுத்பீஸ், அதற்கு யாரும் முழு சர்வீஸ் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். கழுவும்போது ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் மூடியைப் போடுங்கள், சிலிண்டரில் பூட்டிக் காற்றைத் திறந்திருந்தாலொழிய பேர்ஜ் பட்டனை (செகண்ட் ஸ்டேஜில் காற்றைத் திறந்துவிடுகிற பட்டன்) அமத்த வேண்டாம்.

பாவனையாளர் அதிகார சபையில் முறைப்பாடு கொடுக்கக் காசு அனுப்பிய பதிவையும், கழற்றிய பாகங்களின் படங்களையும் எடுத்து வைத்திருக்கிறேன். இதே மாதிரி அந்தக் கடையில் மாட்டுப்பட்டவர்கள் இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள், சேர்ந்தே கொடுப்போம்.