லூப் மாறியின் எல்லை: நான்கு மொழிகளில் நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பின்

லூப்பில் (ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் அமைப்பில்) வரும் மாறி ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக உருவாகிறதா, இல்லை ஒரே மாறிதான் மதிப்பு மாறி மாறி ஓடுகிறதா? எந்த மொழியானாலும் இதை முதலில் சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது.

ஜாவாஸ்கிரிப்டில் வார் (var, மாறியை அறிவிக்கும் பழைய சொல்) போட்டு ஐ என்ற மாறியை 0 முதல் 2 வரை ஓட்டும் லூப்புக்குள், வேலையைப் பிறகு ஓடவிடும் செட்டைம்அவுட் (setTimeout) மூலம் ஐ-யை அச்சிட்டால் 3 3 3 என்றுதான் வரும். லூப் முடிந்த பிறகே செட்டைம்அவுட்டுக்குக் கொடுத்த ஃபங்ஷன்கள் ஓடுகின்றன, மூன்றும் பார்ப்பது ஒரே ஐ-யை. 2015-இல் வார்-க்கு மாற்றாக வந்த லெட் (let) சுற்றுக்கொரு மாறி தருவதால் 0 1 2 கிடைக்கும். இனி வார் எழுதக் காரணமே இல்லை.

கோ மொழி இதே திருத்தத்தை 2024 பிப்ரவரியில், 1.22 பதிப்பில் செய்தது. கம்பைலரை மட்டும் புதுப்பித்தால் போதாது. மாட்யூல் ஃபைலில் (go.mod) உள்ள கோ பதிப்பு வரியும் 1.22 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அதைப் பார்க்காமல் சுற்றுதோறும் மாறியை நகலெடுக்க எழுதிய பழைய வரிகளை நீக்கினால் பழைய பிழை திரும்ப வரும்.

பைத்தான் மாறவில்லை, அங்கே இன்னும் ஒரே மாறிதான். அந்தந்தச் சுற்றின் மதிப்பைப் பிடித்துவைக்க, லாம்ப்டாவுக்குள் (பெயரில்லாச் சிறு ஃபங்ஷனுக்குள்) ஐ=ஐ என்று டீஃபால்ட் கொடுப்பது வழக்கம். ஆனால் அழைப்பவர் கூடுதலாக ஒரு மதிப்பை அனுப்பினால் அது சத்தமில்லாமல் ஐ-யில் போய் உட்காரும். மதிப்பை முன்கூட்டியே ஃபங்ஷனோடு கட்டிவைக்கும் பார்ஷியல் (partial) பயன்படுத்தினால் அந்த மதிப்பு ஐ-யைத் தொடாது, பிழையாகவே வெளிப்படும்.

அதிகம் படுத்துவது, கமாண்டுகளை ஓட்டும் ஷெல் மொழியான பாஷ்தான். ஃபங்ஷனுக்குள் லோக்கல் (local) என்ற சொல் போடாத மாறி எல்லாம் வெளியேயும் தெரியும். வெளி லூப் ஐ-யை 0-விலிருந்து 5-க்குக் கீழ் வரை ஓட்டுகிறது, உள்ளே அழைக்கும் ஃபங்ஷனும் ஐ-யையே 3-க்குக் கீழ் வரை ஓட்டுகிறது என்று வையுங்கள். உள் லூப் முடியும்போது ஐ 3, வெளி லூப் அதை 4 ஆக்கும், அடுத்த சுற்றில் மறுபடி 3. ஸ்கிரிப்ட் நிற்கவே நிற்காது. உள் எல்லை 5 ஆக இருந்தால் இன்னும் மோசம்: வெளி லூப் ஒரே சுற்றில் முடிந்துவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. ஃபங்ஷனின் முதல் வரியிலேயே லோக்கல் ஐ எழுதிவிட்டால் இரண்டுமே நடக்காது. கமாண்டின் விடையை மாறியில் வாங்கும்போது மட்டும் லோக்கலைத் தனி வரியில் வையுங்கள். ஒரே வரியில் எழுதினால் கமாண்ட் தோற்றது மறைந்து, லோக்கலின் வெற்றிதான் எக்ஸிட் கோடாக (வெற்றியா தோல்வியா என்று சொல்லும் எண்ணாக) வரும்.

பாஷில் பைப்புக்கு (ஒரு கமாண்டின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் | குறிக்கு) பின் வரும் வைல் (while) லூப், தனிப் பிரதியான சப்ஷெல்லில் ஓடுவதால், உள்ளே கூட்டிய எண்ணிக்கை வெளியே வந்ததும் பழைய மதிப்பிலேயே நிற்கும். பைப்பை விட்டுவிட்டு, லூப்பை முடிக்கும் டன் (done) என்பதற்குப் பின்னால் < குறி போட்டு ஃபைலை நேரடியாக ரீடைரக்ட் செய்தால் சரியாகிவிடும்.