ரெசல்யூட் பே – கிரீஸ் ஃபியோர்ட்: வான்தூரக் கருவிகளை எவ்வளவு நம்பலாம்?

கனடாவின் நுனாவுட் பகுதியில், வடகோடியில் இருக்கும் இரண்டு சிற்றூர்கள் இவை. இரண்டுமே 1953இல் தெற்கிலிருந்து இன்யூட் எனும் பூர்வகுடிக் குடும்பங்களைக் கொண்டுவந்து அரசு குடியமர்த்திய ஊர்கள். இடையே சாலை இல்லை. இரண்டு இடங்களுக்கு இடையேயான நேர்கோட்டு வான்வழித் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் கணக்கிட்டுச் சொல்லும் இணையத்தின் வான்தூரக் கருவிகளை இந்தத் தடத்துக்கு நெடுநாள் பயன்படுத்தியதில் தெரிந்தது: கிலோமீட்டரை நம்பலாம், நிமிடங்களை நம்பவே கூடாது.

சரியான தூரம் சுமார் 385 கி.மீ., அதாவது 208 கடல் மைல். சில கருவிகள் 383 என்று காட்டும். அது பிழையல்ல, பூமியைச் சரியான உருண்டையாக வைத்துக் கணக்கிட்டால் 383, துருவங்களில் தட்டையான வடிவத்தை எடுத்துக்கொண்டால் 385. ‘மைல்’ என்று மட்டும் போட்டிருந்தால் எந்த மைல் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தரை மைலில் இதே தூரம் 239.

ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்வதைவிட ஒய்ஆர்பி (YRB, ரெசல்யூட்), ஒய்ஜிஇசட் (YGZ, கிரீஸ் ஃபியோர்ட்) என்ற விமான நிலையக் குறியீடுகளைக் கொடுப்பது மேல். ரெசல்யூட் ஊரும் ஓடுபாதையும் 4, 5 கி.மீ. தள்ளித்தான் இருக்கின்றன.

ஆயத்தொலைவுகளை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) நேரடியாகக் கொடுப்பவர்கள் அதிகம் சறுக்குவது கழித்தல் குறியில். இரண்டு ஊர்களும் மேற்குத் தீர்க்கரேகையில் உள்ளவை: -94.97, -82.91. ஒன்றில் மட்டும் குறி விடுபட்டால் கோடு துருவத்தை ஒட்டிப் போய் 3,200 கி.மீ. என்று வரும்; பார்த்ததுமே தெரிந்துவிடும். இரண்டிலும் விடுபட்டால்தான் வம்பு. தூரம் அச்சுப் பிசகாமல் 385 வரும், புள்ளிகளோ சைபீரியப் பக்கம் உட்கார்ந்திருக்கும்! அதனால் எண்ணோடு நிற்காமல் வரைபடத்தையும் ஒருமுறை பாருங்கள்.

வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளப்பது இங்கே வேலைக்கு ஆகாது. வழக்கமான இணைய வரைபடங்கள் வட அட்சரேகை 75 பாகைக்கு மேலே நிலத்தை நாலு மடங்கு இழுத்துக் காட்டும். நிலநடுக்கோட்டில் 111 கி.மீ. வரும் ஒரு தீர்க்கரேகைப் பாகை, இங்கே வெறும் 28 கி.மீ. திசையும் அப்படித்தான், வழியில் மாறிக்கொண்டே போகும். ரெசல்யூட்டில் கிளம்பும்போது உண்மை வடக்கிலிருந்து (புவியியல் வடதுருவத் திசையிலிருந்து) கிழக்காக ஏறக்குறைய 55 பாகை. போய்ச் சேரும்போது 66. பூமியின் காந்தப்புலம் இங்கே ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் காந்த ஊசியும் உதவாது, இப்பகுதியில் உண்மை வடக்கை வைத்தே விமானம் ஓட்டுகிறார்கள்.

இனி நேரம். பல கருவிகள் ஜெட் வேகத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் என்கின்றன. கிரீஸ் ஃபியோர்டின் ஓடுபாதை சரளைக்கல் பாதை, நீளம் 500 மீட்டரை ஒட்டி, சுற்றிலும் மலை. ஜெட் அங்கே இறங்காது. ட்வின் ஆட்டர் போன்ற இரட்டை எஞ்சின் சிறு விமானம்தான், வேகம் சுமார் 150 நாட், அதாவது மணிக்கு 150 கடல் மைல். காற்றில்லாத நாளில் 208ஐ 150ஆல் வகுத்தால் 1 மணி 23 நிமிடம். 30 நாட் எதிர்க்காற்று இருந்தால் 1 மணி 44 நிமிடம். ஏற்றம், இறக்கத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

மூடுபனியால் இறங்க முடியாமல் திரும்ப நேர்ந்தால், தூரம் 770 கி.மீ. ஆகிவிடும். அதற்கான எரிபொருளையும் சுமந்து போவதால் ஆளுக்கும் சரக்குக்கும் இடம் குறைகிறது. இணைப்பு விமானம் பிடிக்க வேண்டியவர்கள் ரெசல்யூட்டில் ஓரிரு நாள் கூடுதலாக ஒதுக்கிக்கொள்வது நல்லது.